காலையில் தடுமாறும் எஞ்சின்: காரணம் காணும் முறையும் நிவாரணமும்

மலைப்பகுதியில் பணிபுரியும் ஊழியருக்கு மோட்டார் வண்டி இன்றியமையாத சாதனமாகும். கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாகச் செல்லும் சாலை, ஆனைகட்டியில் மாநில எல்லையைக் கடந்து, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடிப் பகுதியினுள் நுழைகிறது. அகளி, புதூர், சோலையூர் என்னும் மூன்று ஊராட்சிகளைக் கொண்ட அப்பகுதியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் குடியிருப்புகள் ஏறத்தாழ 190 உள்ளன. அவற்றுள் பல, பஸ் செல்லும் சாலையிலிருந்து விலகி மலைச்சரிவுகளில் அமைந்துள்ளமையால், ஜீப்பே அங்கு சென்றுவரும் வாகனமாக விளங்குகிறது. தடுப்பு மருந்துப் பெட்டியுடன் புறப்படும் சுகாதார ஊழியரும், பிரசவ வேதனையுற்ற பெண்ணைக் கோட்டத்தறை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் உறவினரும் நம்பியிருப்பது அதனையே. யானை நடமாட்டமுள்ள சாலையில் விடியுமுன் வண்டி நின்றுவிடுமாயின், அதில் உள்ளோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது, எஞ்சின் நடுங்கி, இருமி, ஓரிரு நிமிஷங்களுக்குப் பின் சீராக ஓடத் தொடங்குவது பலரும் கண்ட அனுபவம். சீரானபின் ஓட்டுநர் அதனை மறந்துவிடுகிறார். பட்டறைக்குச் சென்று சேர்வதற்குள் எஞ்சின் நன்கு சூடேறிவிடுவதால், மெக்கானிக்கின் கண்ணுக்கு எக்குறையும் புலப்படுவதில்லை. பின்னர் ஊகத்தின்பேரில் பிளக், பாட்டரி, பம்பு என ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. பணம் செலவாகிறது, குறை நீடிக்கிறது.

இக்குழப்பத்தைத் தவிர்க்கும் வழி எளியது. இரவு என்பது ஒரே காரணமன்று; நான்கு காரணங்களின் கூட்டு. இரவில் எஞ்சின் குளிர்கிறது. அதன்மேல் ஈரம் படிகிறது. பல மணி நேரம் அது அசையாது நிற்கிறது. மலைநாட்டில் பெரும்பாலும் சரிவான இடத்தில் நிற்கிறது. குளிர், ஈரம், நின்ற நேரம், சரிவு ஆகிய இந்நான்கில் எது குறையைத் தோற்றுவிக்கிறது என்று முதலில் பிரித்தறிந்துவிட்டால், ஆராயவேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிடும். அதனைப் பிரித்தறியத் தக்கவர், காலையில் வண்டியுடன் இருக்கும் ஊழியரேயாவர்.

குளிர்ந்த எஞ்சினில் நிகழ்வது என்ன?

பெட்ரோல் திரவ நிலையில் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, உட்செல்லும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவர்களிலும் சிலிண்டர்ச் சுவர்களிலும் படிந்துவிடுகிறது. எஞ்சிய ஆவி போதுமானதாக இல்லாமையால் கலவை நலிவடைகிறது. இதனை ஈடுசெய்யவே பழைய வண்டிகளில் சோக் என்னும் அமைப்பும், புதிய வண்டிகளில் கணிப்பொறியும் தொடக்கத்தில் மிகுதியான எரிபொருளை வழங்குகின்றன. இன்று பெட்ரோலுடன் கலந்து விற்கப்படும் எதனால், ஆவியாவதற்குப் பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கும் மேலான உஷ்ணத்தைக் கவர்கிறது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. காற்றானது தன் கனஅளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, அதனால் எழும் உஷ்ணத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. சிலிண்டர்ச் சுவர்கள் குளிர்ந்திருந்தால் அவ்வுஷ்ணத்தில் ஒரு பகுதியை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவேதான் ஹீட்டர் பிளக் தேவைப்படுகிறது.

மேலும், குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படுகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24° செ. உஷ்ணநிலைக்குக் கீழ் புட்டியிலேயே உறைந்துவிடுவதை யாவரும் அறிவர். எஞ்சின் எண்ணெய் அவ்வாறு உறைவதில்லை எனினும் அதன் பாகுத்தன்மை வெகுவாக உயர்கிறது. அதே வேளையில் பாட்டரியின் இரசாயன வினை தளர்கிறது. 27° செ. உஷ்ணநிலையில் முழுத்திறன் தரும் ஒரு பாட்டரி, 0° செ.-இல் அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே தருகிறது. ஆனைகட்டியில் அத்தகைய கடுங்குளிர் இல்லை. ஆனால் அங்குள்ள வண்டி இடுக்கி மாவட்டத்து மூணாற்றுக்கு மாற்றப்பட்டால் நிலைமை வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள அவ்வூரில், ஜனவரி மாதத்துச் சில இரவுகளில் உறைபனி காண்பதுண்டு. ஆனைகட்டியில் எவ்வாறோ சமாளித்துவந்த பாட்டரி அங்கு கைவிட்டுவிடக்கூடும். உயரம் காரணமாகக் காற்றழுத்தமும் குறைவதால், டீசல் எஞ்சின் பற்றிக்கொள்வது மேலும் கடினமாகிறது.

காலையில் குறிக்கவேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, தொடர்ந்து நான்கைந்து நாட்கள் பின்வருவனவற்றைக் குறித்தல் வேண்டும்.

(1) முந்திய நாள் வண்டி நின்ற நேரம். காலையில் கிளப்பிய நேரம். குளிர், மழை, மூடுபனி ஆகியவற்றின் நிலை.
(2) வண்டியின் முன்புறம் மேட்டை நோக்கியிருந்ததா, பள்ளத்தை நோக்கியிருந்ததா?
(3) செல்ஃப் விரைவாகச் சுழன்றதா, தளர்ந்து சுழன்றதா? எஞ்சின் பற்றிக்கொள்ள எத்தனை விநாடிகள் ஆயின?
(4) நடுக்கம் தாளக்கட்டாக இருந்ததா, ஒழுங்கற்று ஏறி இறங்கியதா? எவ்வளவு நேரம் நீடித்தது?
(5) புகையின் நிறமும் மணமும்.

தாளக்கட்டான நடுக்கம், ஏதேனும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமையைக் காட்டும். பட்டறையில் இதனை மிஸ்ஸிங் என்பர். ஒழுங்கின்றி ஏறி இறங்கும் ஓட்டம், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான கலவைக் குறையைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியையும், நீலப்புகை எண்ணெய் எரிவதையும் குறிக்கும். குளிர்ந்த காலையில் சற்றே வெண்ணிற நீராவி வெளிவருவது இயல்பு. அது நெடுநேரம் நீடித்து இனிய மணம் வீசினால் ரேடியேட்டர் திரவம் எரிகிறது என்றும், டீசல் வண்டியில் கண்ணைக் கரிக்கும் வெண்புகையாயின் டீசல் எரியாமல் வெளியேறுகிறது என்றும் கொள்க.

முதற்சோதனை: பாட்டரி

செல்ஃப் தளர்ந்து சுழலுமாயின், வேறெதனையும் தொடுமுன் பாட்டரியைச் சோதிக்கவேண்டும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரி, மல்டிமீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.2 வோல்ட் பாதியளவே மின்னேற்றம் உள்ளதைக் காட்டும். செல்ஃப் சுழலும்போது அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பாட்டரி வலுவிழந்திருக்கலாம். முழுமையாக மின்னேற்றிய பின்னும் அவ்வாறே விழுந்தால் அதனை மாற்றவேண்டும். அளவு விழாமலேயே செல்ஃப் தளர்ந்து சுழன்றால், குறை கம்பிகளிலோ செல்ஃப் மோட்டாரிலோ உள்ளது. பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்துச் செல்ஃப் சுழற்றும்போது, அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் இணைப்பு கெட்டுள்ளது. முனைகளில் படிந்த உப்பைச் சமையல் சோடாக் கரைசலால் கழுவித் துடைத்து, உலரவைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் பல வண்டிகளின் காலைத் தொல்லை அத்துடன் முடிந்துவிடும். சோடாக் கரைசல் பாட்டரியினுள் புகாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

நான்கு காரணங்களைப் பிரித்தறிதல்

செல்ஃப் நன்கு சுழன்றும் தடுமாற்றம் இருப்பின், ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாது வைத்துச் சோதிக்கவேண்டும்.

குளிர்: வெயில் நாளில் பகல் முழுவதும் நின்ற வண்டி மாலையில் சீராகக் கிளம்பி, அதே அளவு நேரம் நின்றபின் குளிர்ந்த காலையில் மட்டும் தடுமாறினால், காரணம் குளிரே. கார்புரேட்டர் உள்ள வண்டியாயின், சோக் முழுவதும் மூடுகிறதா என்று காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கலாம். இன்ஜெக்டர் வண்டியாயின், எஞ்சின் நீரின் உஷ்ணநிலையை அறிவிக்கும் சென்சாரை ஐயுறவேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது சூடாக உள்ளதாகச் சென்சார் பொய்யுரைத்தால், கணிப்பொறி வேண்டிய எரிபொருளை வழங்காது. பெரும்பாலான சென்சார்களின் மின்தடை 20° செ.-இல் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80° செ.-இல் ஏறத்தாழ 300 ஓமும் இருக்கும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், குளிரில் சுருங்கிக் காற்றைக் கசியவிட்டுச் சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும் கேஸ்கட்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும். கம்பியைக் கழற்றிவிட்டு, பிளக்கின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மின்தடையை அளந்தால், நல்ல பிளக் பெரும்பாலும் ஓரிரு ஓம் அளவே காட்டும். மின்னோட்டமே இல்லாத பிளக் எரிந்துபோனது. அச்சிலிண்டரே நடுக்கத்துக்குக் காரணம்.

ஈரம்: உலர்ந்த குளிர்காலையில் சீராக இருந்து, மழைக்குப் பிந்திய காலையிலும் மூடுபனிக் காலையிலும் மட்டும் தடுமாறினால், மின்சாரம் ஈரத்தின் வழியே கசிகிறது. பொறிக்குரிய மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். சிறு விரிசலும் அதற்கு வழியாகிவிடும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, எட்ட நின்று நுண்துளிகளாக நீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடுவதைக் காணலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர், காயிலின் ரப்பர் உறை ஆகியவற்றில் விரிசல் கண்டதை மாற்றவேண்டும். துடைத்து உலர்த்துவது அன்றைய பயணத்துக்கு மட்டும் உதவும். டாங்கியில் மழைநீர் புகுந்திருந்தாலும் இதையொத்த தடுமாற்றம் நேரும். எதனால் கலந்த பெட்ரோலில் நீர் அளவுமீறினால், நீரும் எதனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும்; பம்பு முதலில் இழுப்பது அதனையே. டீசல் வண்டியாயின் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிக்கவேண்டும்.

நின்ற நேரம்: குளிரோ வெயிலோ, ஆறேழு மணி நேரம் நின்றால் தடுமாறுகிறது என்பது உறுதியானால், ஏதோ ஒன்று மெல்லக் கசிகிறது. இன்ஜெக்டர் வண்டியில் இதற்கொரு செலவற்ற சோதனை உண்டு. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு ஓரிரு விநாடிகள் ஓடி நிற்கும். செல்ஃப் சுழற்றாமல் மும்முறை சாவியைத் திருப்பி அணைத்துப் பின் கிளப்பினால் உடனே சீராகப் பற்றுமாயின், இரவில் குழாயின் அழுத்தம் இழக்கப்பட்டது தெளிவு. அத்துடன் கரும்புகையும் பெட்ரோல் மணமும் இருந்தால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. இல்லையேல் பம்பிலுள்ள வால்வு கசிகிறது. கிளப்பியவுடன் நீலப்புகை தோன்றி மறைந்தால், வால்வுத் தண்டு சீல் வழியே எண்ணெய் இறங்கியுள்ளது. இனிய மணமுள்ள வெண்புகையுடன் ரேடியேட்டர் திரவமும் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கட் வழியே திரவம் சிலிண்டரினுள் கசிகிறது. இதனை ஒரு நாளும் ஒத்திப்போடலாகாது. திரவத்தை அமுக்க இயலாது. அது சிலிண்டரில் தேங்கினால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே பாழாகும்.

சரிவு: ஓரிரவு முன்புறம் மேட்டை நோக்கியும், மறு இரவு பள்ளத்தை நோக்கியும் வண்டியை நிறுத்திப் பார்க்கவேண்டும். மேட்டை நோக்கி நின்ற டீசல் வண்டி மட்டும் நெடுநேரம் சுழன்று இருமிக் கிளம்பினால், குழாய் இணைப்பொன்றில் காற்று புகுந்து, டீசல் டாங்கியை நோக்கித் திரும்பிவிடுகிறது. இதனை ஏர் பிடித்தல் என்பர். கை பம்பை அழுத்திப் பார்த்து, அது வெகுநேரம் கெட்டிப்படாமலிருந்தால் ஐயம் உறுதிப்படும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கிளிப்புகளையும் மாற்றுவதே நிவாரணம்.

ஒரு மாதிரி ஆராய்ச்சி

ஒரு பெட்ரோல் வண்டி காலையில் உடனே பற்றிக்கொண்டு, ஒரு நிமிஷ நேரம் தாளக்கட்டாக நடுங்குகிறது எனக் கொள்வோம். செல்ஃப் விரைவாகச் சுழல்கிறது. ஆகவே பாட்டரி நீங்கியது. மூடுபனி நாளிலும் உலர்ந்த நாளிலும் ஒரே நடுக்கம், ஈரம் நீங்கியது. வெயிலில் ஆறு மணி நேரம் நின்றபின் மாலையிலும் நடுங்குகிறது, குளிர் நீங்கியது. நிறுத்தும் திசையை மாற்றியும் பயனில்லை, சரிவு நீங்கியது. எஞ்சியது நின்ற நேரம். சாவியை மும்முறை திருப்பியும் மாறுதலில்லை. எரிபொருள் அழுத்தமும் நீங்கியது. இந்நிலையில் ரேடியேட்டர் திரவத்தின் மட்டத்தைப் பார்க்க, பத்து நாட்களில் விரற்கடையளவு இறங்கியுள்ளது. பிளக்குகளைக் கழற்ற, மூன்று பிளக்குகள் பழுப்பாகவும், ஒன்று மட்டும் நீராவியால் கழுவியதுபோல் துப்புரவாகவும் உள்ளன. குறை அச்சிலிண்டரின் ஹெட் கேஸ்கட்டில் உள்ளது. இம்முடிவை எட்டும் வரை ஒரு பொருளும் வாங்கப்படவில்லை. பட்டறையில் ரேடியேட்டர் அழுத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்தினால் போதும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் ஸ்கேனர் கருவியை இணைத்துக் குறிப்பெண்களைப் படிக்கலாம். பி 0301 என்பது முதற்சிலிண்டரின் மிஸ்ஸிங்கைக் குறிக்கும். ஆயினும் எந்தச் சிலிண்டர் என்பதையே அது கூறும். காரணம் பிளக்கா, இன்ஜெக்டரா, கேஸ்கட்டா என்பதைக் கூறாது. நோட்டுப் புத்தகக் குறிப்பும் ஸ்கேனரும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

எச்சரிக்கைகள்

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. கார்பன் மோனாக்சைடு வாயு நிறமும் மணமும் இன்றி உயிரைப் பறிக்கும். சோதனையின்போது வண்டி நியூட்ரலில் இருக்கவும், கைபிரேக் போடப்பட்டிருக்கவும், சக்கரத்துக்குக் கல் கொடுக்கப்பட்டிருக்கவும் வேண்டும். பெட்ரோல் கசிவைத் தேடும்போது தீக்குச்சியோ பீடியோ அருகில் வரலாகாது. நீர் தெளிக்கும் சோதனைக்கு முன் பெட்ரோல் மணமோ கசிவோ இல்லையென்று உறுதிசெய்து, ஓடும் எஞ்சினின் மின் உறுப்புகளைக் கையால் தொடாதிருத்தல் வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் கைக்கும் காயிலுக்கும் ஊறு செய்யும். புகைக்குழாயிலுள்ள வினையூக்கியையும் கெடுக்கும். எஞ்சின் விளக்கு மின்னிமின்னி எரிந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

சம அளவுள்ள இரு காகிதத் துண்டுகளில், ஒன்றில் ஸ்பிரிட்டும் மற்றொன்றில் தேங்காய் எண்ணெயும் ஒவ்வொரு துளி இட்டு, எது விரைவில் ஆவியாகிறது என்று மாணவர் காணட்டும். பின்னர் ஸ்பிரிட்டை நிழலிலும் வெயிலிலும் வைத்து நேரத்தை ஒப்பிடட்டும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய உஷ்ணச் சென்சார் ஒன்று கிடைத்தால், அதனை டம்ளர் வெந்நீரில் இட்டு, நீர் ஆறும்போது உஷ்ணநிலையையும் மின்தடையையும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் வரையலாம். உஷ்ணம் குறையக் குறைய மின்தடை நேர்கோட்டில் அன்றி வளைகோட்டில் உயர்வதை மாணவர் தாமே கண்டறிவர்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு டீசல் ஜீப் வீட்டு முற்றத்தில் சமதளத்தில் நின்றால் சீராகக் கிளம்புகிறது. முகாமில் மேட்டை நோக்கி நின்றால் நெடுநேரம் சுழல்கிறது. முதலில் எதனை ஆராய்வீர்?
2. செல்ஃப் தளர்ந்து சுழல்கிறது. அப்போதும் பாட்டரி 11.5 வோல்ட் காட்டுகிறது. புதிய பாட்டரி வாங்குவது பயன் தருமா? ஏன்?
3. உங்கள் வண்டியின் ஐந்து காலைகளைக் குறித்து, நான்கு காரணங்களில் எவற்றை நீக்கினீர், எவ்வாறு நீக்கினீர் என எழுதுக.